நான்கு விநாடி

ஒரு காருக்கு நான்கு விநாடிதான்.
கண்ணாடி இறங்கும், கை நீளும்,
நோட்டு எனக்கு, சில்லறை அவர்களுக்கு,
தடுப்புக் கம்பு எழும்.
மேரியன்ஹில் சுங்கச்சாவடியில்
ஏழாம் தடம் என்னுடையது.
சலோஷ்னி என்ற பெயர்ப்பட்டையை
யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை.
பார்வை நேரே என் தாடைக்கு வந்து நிற்கிறது,
கட்டணம் அங்கே எழுதியிருப்பதுபோல.

முப்பத்தெட்டு முடிந்துவிட்டது எனக்கு.
பருவத்தில் வருவதுதான் பரு என்பார்கள்.
பதினாறில் வரவில்லை.
அப்போது கல்யாண வீடுகளில்
கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள்.
இது பருவம் தப்பிய மழை,
உலர்ந்த துணியை மடிக்கும் நேரம் பார்த்துப் பெய்கிறது.

காசோடு அறிவுரையும் வரும்.
மஞ்சள் பூசு என்றது ஒரு வெள்ளை பக்கி.
சாக்லேட்டை விடு என்றது ஒரு லாரி,
இரண்டு ஆள் உயரத்திலிருந்து.
பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகிறவர் ஒருவர்
ரத்தம் கெட்டிருக்கிறது, வேப்பிலை குடி என்று சொல்லிவிட்டு
ரசீதை மறந்து போனார்.
பின்னால் ஹாரன் அலறும்வரை
என் முகத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்,
நான் அங்கே இல்லாத மாதிரி.

எட்டாம் தடத்து நொக்குதுலா ஒன்றும் சொல்லவில்லை.
தேநீர் நேரத்தில் தொப்பியைக் கழற்றி
நெற்றி ஓரத்தைக் காட்டினாள்.
மூன்று.

நானும் செய்யாததில்லை.
பற்பசை, எலுமிச்சை, சந்தனம்,
கார் வராத இடைவெளியில் நகம்.
பரு ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகும்.
நகம் வைத்த கறுப்பு
ஆறு மாதம் வாடகை தராமல் குடியிருக்கும்.

இது அழுக்கில்லை என்றார் பைன்டவுன் டாக்டர்.
நான்கு தடவை தேய்த்துக் கழுவாதே, இரண்டு போதும்.
மாதவிலக்குக்கு முந்தைய வாரம் கூடுகிறதா என்று கேட்டார்,
என் நாட்காட்டியைப் பார்த்தவர்போல.
அந்த ஒரு கேள்விக்கே கட்டணம் தகும்.

இரவில் பட்டாணி அளவு க்ரீம்,
பருவுக்கு மட்டுமில்லை, முகம் முழுவதற்கும்.
பகலில் வெயிலுக்கு ஒன்று,
சூரியன் ஜன்னல் வழியே வந்து
ஒரு பக்கக் கன்னத்திடம் மட்டும் சுங்கம் வாங்குகிறதே.
காலை ஜெல் பட்டு
யூனிஃபார்ம் காலர் ஆரஞ்சாக வெளுத்தது.
சலவைத் தூள் என்று சூப்பர்வைசரிடம் பொய் சொன்னேன்.
இரண்டாவது காலருக்குப் பொய் சொல்லவில்லை.

பன்னிரண்டு வாரம் ஆகும் என்றிருந்தார்.
மூன்றாம் வாரம் முகம் செதிள் செதிளாக உரிந்தது,
முன்னைவிட மோசம்.
ட்யூபைக் குப்பைக்கூடையில் போட்டேன்.
இரவு பதினொன்றுக்கு எழுந்துபோய்
வெங்காயத் தோலைத் தட்டிவிட்டு எடுத்துவந்தேன்.

அது கரண்ட் தினமும் போன வருடம்.
ஷால்கிராஸில் எங்கள் தெரு இருண்டதும்
குளியலறையில் நானும் மகன் தேவேஷனும் தோளோடு தோள்.
அவனுக்குப் பதினாறு.
அதே ட்யூப், அதே பட்டாணி.
தன் வியாதி அம்மாவுக்கும் இருப்பதில் அவனுக்கு வெட்கம்.
எனக்கும்தான்.
கண்ணாடியில் யாருமில்லை.
விரல்கள் மட்டும் மேடு பள்ளம் தெரிந்து நடந்தன.
"வலிக்குதாம்மா?"
"தாடையில."
"எனக்கு மூக்குல."
வெளிச்சம் வந்தது,
அவன் போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டான்.

இது பதினான்காம் வாரம்.
போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.
தாடையில் இரண்டு,
கழுத்தோரம் ஒன்று யோசித்துக்கொண்டிருக்கிறது.
கை அங்கே போகிறது,
பாதி வழியில் சில்லறைப் பெட்டிக்குத் திரும்புகிறது.

நேற்று ஒரு நீலக் கார்.
ஓட்டியவளுக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும்.
பவுடர் அடுக்கின் அடியில்
எனக்குத் தெரிந்த மேடுகள்.
முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டே
நோட்டை இந்தப் பக்கம் நீட்டினாள்.

பன்னிரண்டு வாரம் என்று
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

நான் ரேடியோவைப் பார்த்தபடி
சில்லறையை மட்டும் எண்ணிக் கொடுத்தேன்.